வீட்டுக் கடன் கட்டும் சின்னக் குடும்பங்களுக்கும் வட்டி நிவாரணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்டி வீதங்கள் இறங்கிவிட்டன, வீடு கட்ட நினைப்பவர்களுக்கு இது நல்ல காலம் என்று உங்கள் வர்த்தகப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் சொன்ன விவரங்களில் பிழையில்லை. 2025 மே மாதம் இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை, அதாவது மற்ற வட்டிகளுக்கெல்லாம் வழிகாட்டும் வீதத்தை, 7.75 சதவீதத்துக்குக் குறைத்தது. சீமெந்து விலையும் 2022 இல் இருந்த உச்சத்தில் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை முழுக்க இனிமேல் கடன் எடுக்கப் போகிறவர்களைப் பற்றியது. 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்னால் கடன் எடுத்து வீட்டைக் கட்டி, நெருக்கடியில் வட்டி இரண்டு மடங்குக்கு மேல் ஏற, அந்தச் சுமையை இன்றும் இழுத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

ஹட்டன் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. மனைவி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் இடத்தில், வேலை செய்கிறாள். அப்பாவும் அம்மாவும் கொழுந்து மலையிலும் தொழிற்சாலையிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரம் உள்ள ஒரு துண்டுக் காணி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதம் எடுத்து, மனைவியின் நகையை விற்று, டிக்கோயா பக்கம் 8 பேர்ச் காணி வாங்கினோம். வீடு கட்டுவதற்கு 2021 ஆரம்பத்தில் ஒரு வங்கியில் 20 இலட்சம் ரூபா கடன் எடுத்தேன். 15 வருடத் தவணை, 10 சதவீத வட்டி, மாதம் 21,492 ரூபா. அப்போது எங்கள் இருவரின் சம்பளத்தையும் சேர்த்தால் அறுபதாயிரத்துக்கு மேல் வரும். நெருக்கிப் பிடித்தால் கட்டலாம் என்ற கணக்கில்தான் கையெழுத்து வைத்தேன்.

அந்தக் காலத்தில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி 5.5 சதவீதம். பிறகு படிப்படியாக 7.5 ஆகியிருந்த அதை 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டி 14.5 ஆக்கினார்கள். 2023 மார்ச்சில் அது 16.5. பெரிய வாடிக்கையாளர்களுக்கே வங்கிகள் அந்த 2022 கடைசியில் 27 சதவீதம் வரை வாங்கின. நாட்டில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டிய நேரம் அது, வட்டியைக் கூட்டாமல் விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். சரி, அதை நான் மறுக்கவில்லை. அந்த மருந்தின் விலையை யார் கட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

என் கடன் மாறும் வட்டியில் எடுத்தது. 2022 நடுப்பகுதியில் பாக்கி 19 இலட்சத்து 6 ஆயிரம் இருந்தபோது வட்டி 24 சதவீதம் என்று கடிதம் வந்தது. புதிய தவணை 39,741 ரூபா. கணக்கு எழுதுகிறவன் என்பதால் அந்த எண்ணை நானே பிரித்துப் பார்த்தேன். 39,741 இல் 38,134 ரூபா வட்டி. கடனின் முதல் தொகையில் கழிவது 1,607 ரூபா. அதே மாதங்களில் 1,493 ரூபாவுக்கு வாங்கிய காஸ் சிலிண்டர் 4,860 ரூபா ஆகியிருந்தது. ஆகஸ்டில் மின்சாரக் கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள், அடுத்த பெப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். எங்கள் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டதால் முதலாளி யாரையும் வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்திருந்ததே பெரிய காரியம்.

வங்கிக்குப் போய்ப் பேசினோம். அங்கே இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். ஒரு வருடத்துக்கு மாதம் 28,000 கட்டுங்கள், குறைகிற வட்டியை முதலோடு சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அதைத்தான் நிவாரணம் என்றார்கள். ஆங்கிலத்தில் இருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தோம். வேறு வழியிருக்கவில்லை. அந்த வருட முடிவில் பாக்கி 20 இலட்சத்து 42 ஆயிரம் ரூபா. இரண்டரை வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டிய பிறகு, எடுத்த கடனைவிட 42 ஆயிரம் கூடுதலாகக் கடன்காரனாக நின்றேன். அந்த ஒரு வருடம் 24க்குப் பதிலாக 12 சதவீதம் வட்டி இருந்திருந்தால், அதே 28,000 கட்டி, பாக்கி 17 இலட்சத்து 93 ஆயிரமாக இறங்கியிருக்கும். வித்தியாசம் இரண்டரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த இரண்டரை இலட்சம் இப்போது என் முதல் தொகையில் உட்கார்ந்திருக்கிறது. வட்டி வீதம் இறங்கினாலும் அது இறங்காது. அதற்கும் மாதா மாதம் வட்டி ஓடுகிறது.

இதைத்தான் உங்கள் கட்டுரை கவனிக்கவில்லை. வட்டி ஏறிய காலம் முடிந்துவிட்டது. ஏறிய வட்டி இன்னும் கடனுக்குள் இருக்கிறது.

இடையில் ஒரு நாள் எனக்குப் பிணை நின்றவர் கடைக்கு வந்தார். எங்கள் கடையிலேயே முன்பு ஸ்டோரில் வேலை செய்தவர், இப்போது வேறு இடத்தில் லொறி ஓட்டுகிறார். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு கடிதம். கடன் ஒப்பந்தம் மாறியது பற்றிப் பிணையாளருக்கு வங்கி அனுப்பும் வழமையான கடிதம்தான். அவருக்கு அதை யாரும் வாசித்துச் சொல்லவில்லை. என்னைத் திட்டவில்லை. "அண்ணே, என் சம்பளத்துல பிடிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை தம்பி, நான் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று விளக்கி, தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு மூன்று பிள்ளைகள். என் கடனுக்காக அவர் எத்தனை இரவு தூங்காமல் இருந்தாரோ தெரியாது.

இன்று என் கடனுக்கு வட்டி 14 சதவீதம். அதே கிளையில் புதிதாக வருகிறவருக்கு என்னைவிடக் குறைந்த வட்டிக்குக் கொடுக்கிறார்கள். வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே தீர்ப்பதற்கு ஒரு கட்டணம், காணியை மறுபடி மதிப்பிட ஒரு கட்டணம், புதிய ஈட்டு உறுதி எழுத நொத்தாரிசுக்கு ஒரு கட்டணம். எல்லாவற்றையும் கட்டத் தயார் என்று போனாலும், கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், அதாவது எல்லோரும் 'கிரிப்' என்று சொல்வதில், என் கடன் மறுசீரமைக்கப்பட்டது என்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் புதிய வங்கி கையை விரிக்கிறது. நெருக்கடியில் வங்கியோடு பேசி ஒழுங்காகக் கட்டியவனுக்கு அந்தப் பதிவே தடையாக நிற்கிறது.

மலையகத்தில் வீடு கட்டுவதற்குச் சமவெளியைவிட அதிகமாகச் செலவாகும் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். கடையில் தினமும் நான் எழுதும் பில்களில் இதைப் பார்க்கிறேன். நுவரெலியா மாவட்டத்தில் வீடு கட்ட, மண்சரிவு ஆபத்து பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். நல்ல விதிதான், அது உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்த அறிக்கையில் சொல்கிறபடி செய்யப் பணம் வேண்டும். எங்கள் 8 பேர்ச்சில் மேல் பக்கம் மண் வெட்டி, கீழ்ப் பக்கம் கருங்கல் அணைச்சுவர் கட்டி, தண்ணீர் வடிய வழி வைத்த பிறகுதான் வீட்டுக்கு அத்திவாரமே போட முடிந்தது. மணலும் கல்லும் பிரதான வீதி வரை லொறியில் வரும். அங்கிருந்து வீட்டுக்குப் படி வழியாகத் தலைச்சுமையில் ஏற்ற வேண்டும், அதற்குத் தனிக் கூலி. கடனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போய்விட்டது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தபோது அணைச்சுவருக்குப் பெறுமதி எதுவும் போடவில்லை. அது இல்லாவிட்டால் முதல் பெரிய மழையிலேயே வீடு நின்றிருக்காது.

2021 இல் ஆயிரம் ரூபா அளவில் இருந்த சீமெந்து மூட்டை 2022 இல் மூவாயிரத்தை எட்டியபோது, பாதியில் நின்ற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. தூண் எழும்பி, கம்பி துருப்பிடித்து, தகரம் போடாமல் இன்றும் நிற்கின்றன. கொட்டகலை பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கட்டி முடிக்காத வீட்டுக்குத் தவணை கட்டிக்கொண்டு, லயத்தில் அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறது. அந்த வீட்டு அக்கா தவணைக்காகவே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். கடைசிப் பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது.

இந்த நாட்டில் கடன்பட்டவர்களுக்கு நிவாரணமே கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கம் 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பிறகு பேசிப் பேசி, 2024 டிசம்பரில் சர்வதேச முறிகள், அதாவது அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள், வைத்திருந்தவர்கள் கடனின் முதல் தொகையில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்கள். வியாபாரிகளுக்காக 2024 இல் பராட்டே சட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். அதாவது 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கிகள் நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விடும் அதிகாரத்தை. அதே வருடம் சிறிய, நடுத்தரத் தொழில்களுக்கு உதவ வங்கிகளில் தனிப் பிரிவுகள் அமைக்கச் சொன்னது மத்திய வங்கி. வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 2024 வரவு செலவுத் திட்டத்தில் 450 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஒரு கடை மூடினால் அதில் வேலை செய்பவன் என் போன்றவன்தான். ஆனால் பராட்டே நிறுத்தத்தால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது, எங்களை வங்கி நீதிமன்றத்துக்குத்தான் கொண்டுபோகும். ஆகவே அந்தப் பட்டியலில், தான் குடியிருக்கும் ஒரே வீட்டுக்குக் கடன் கட்டும் சம்பளக்காரன் எங்கேயும் இல்லை.

2023 இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. எங்கள் சேமலாப நிதி வைத்திருந்த முறிகளை மாற்றினார்கள். தொழிலாளிக்குக் குறைந்தது 9 சதவீதம் கிடைக்கும் என்று உறுதி சொன்னார்கள். 2022 ஆம் ஆண்டுக்கு எங்கள் சேமலாப நிதிக் கணக்கில் விழுந்த வட்டியும் 9 சதவீதம். என் சேமிப்புக்கு 9 சதவீதம் தந்த அதே காலத்தில் என் கடனுக்கு 24 சதவீதம் எடுத்தார்கள். சேமலாப நிதியைக் காட்டி, அதாவது மீதியில் 75 சதவீதம் வரை பிணையாக வைத்து, வீட்டுக் கடன் எடுத்தவர்களும் உண்டு. தவணை தவறினால் அந்த நிதியிலிருந்தே வெட்டுவார்கள். அவர்கள் முதுமைக்கு வைத்த பணமும் அந்த வட்டிக்குப் போகிறது.

நிவாரணம் என்றதும் வருமான வரிச் சலுகையைப் பற்றிச் சிலர் பேசுகிறார்கள். 2020 இலிருந்து 2022 வரை அது இருந்தது. வீட்டுக் கடன் வட்டியையும் மருத்துவ, கல்விச் செலவுகளையும் சேர்த்து வருடம் 12 இலட்சம் ரூபா வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அது யாருக்கு உதவியது? அப்போது வருட வருமானம் 30 இலட்சம் வரை வரியே இல்லை. வரி கட்டாதவனுக்கு வரியில் எதைக் கழிப்பது? இப்போதும் வரி ஆரம்பிப்பது மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல்தான். எங்கள் டவுனில் கடைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சம்பளம் எடுக்கிறார்கள்? ஆகவே அந்தச் சலுகையைத் திரும்பக் கொண்டு வந்தால் பெரிய வீட்டுக்குப் பெரிய கடன் எடுத்தவருக்குத்தான் லாபம். எங்களுக்கு வேண்டியது தவணையிலேயே குறைகிற நிவாரணம்.

அயர்லாந்தில் இதே மாதிரி வட்டி ஏறியபோது, 2022 இல் கட்டிய வட்டியைவிட 2023 இல் எவ்வளவு கூடக் கட்டினார்களோ அதில் 20 சதவீதத்தை, 1,250 யூரோ வரை, வரியில் கழித்துக் கொடுத்தார்கள். அதுவும் வரி வழிதான், ஆனால் ஏறிய பகுதிக்கு மட்டும் உதவுவது என்ற யோசனை நியாயமானது. பக்கத்து இந்தியாவில் 2015 இலிருந்து 2022 வரை, வருமானம் குறைந்த குடும்பங்களின் வீட்டுக் கடனில் முதல் 6 இலட்சம் இந்திய ரூபாவுக்கு 6.5 சதவீத வட்டியை அரசாங்கமே ஏற்றது. அந்தத் தொகையைக் கடன் கணக்கிலேயே வரவு வைத்தார்கள். கடன்காரர் வரி கட்டுகிறாரா இல்லையா என்ற பேச்சே இல்லை.

எங்கள் நாட்டில் இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மூத்த பிரஜைகளின் நிலையான வைப்புக்கு 15 இலட்சம் ரூபா வரை 15 சதவீத வட்டி கொடுத்த காலம் நினைவிருக்கும். சந்தை வட்டிக்கும் அந்த 15க்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்கம் வங்கிகளுக்குக் கொடுத்தது. நெருக்கடியில் அதை நிறுத்தினார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் 10 இலட்சம் ரூபா வரையான வைப்புக்கு மேலதிகமாக 3 சதவீதம் தருவதாக மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். என் அப்பா போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். வைப்பாளரின் வட்டியில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்க முடியுமானால், ஏழைக் கடன்காரரின் வட்டியில் ஒரு பகுதியையும் அதே வழியில் ஏற்கலாம். கணக்கு வைக்கும் முறை வங்கிகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நான் கேட்பது எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்யச் சொல்லி அல்ல. 2022 ஏப்ரலுக்கு முன் எடுத்தது, 30 இலட்சத்துக்கு மேற்படாதது, குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கானது, குடும்ப வருமானம் வரி எல்லைக்குக் கீழே. இப்படியான கடன்களை மட்டும் எடுங்கள். அவற்றில் 2022 ஏப்ரலிலிருந்து 2023 முடியும் வரை 12 சதவீதத்துக்கு மேல் போட்ட வட்டியைத் தனியே பிரியுங்கள். அதற்கு இனி வட்டி ஓடக் கூடாது. அதில் ஒரு பாதியை வங்கி விட்டுக்கொடுக்கட்டும், மறு பாதியை அரசாங்கம் சில வருடங்களில் வங்கிக்குக் கட்டட்டும். மீதி முதலுக்கு இன்று புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அதே வட்டியைப் போடட்டும். அப்புறம் மறுசீரமைத்துவிட்டு ஒழுங்காகக் கட்டிவந்தவரின் கிரிப் பதிவைத் திருத்த ஒரு வழி வேண்டும். என் கடனில் அந்த ஒரு வருடக் கூடுதல் வட்டிக்கு மட்டும் இதைச் செய்தால் அரசாங்கத்துக்கும் வங்கிக்கும் தலா ஒன்றேகால் இலட்சம் ரூபா அளவில் செலவு. அந்தப் பணம் முதல் தொகையில் குறைந்தால் என் குடும்பத்துக்குப் பெண்ணின் உயர்தர டியூஷன் காசு கிடைத்துவிடும்.

2023 ஆகஸ்டில் மத்திய வங்கி ஓர் உத்தரவு போட்டது. நகை அடகுக்கு 18 சதவீதம், கடன் அட்டைக்கு 28 சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது என்று. மற்றக் கடன்களின் வட்டியையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. என் வட்டி இறங்கியதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம், அதற்கு நன்றி சொல்கிறேன். வட்டிக்கு ஓர் எல்லை போட முடியும் என்பதை அது காட்டியது. தவணை கட்டுவதற்காக நகையை அடகு வைத்த வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். அடகுக்கு ஓர் எல்லை போட்டவர்கள் வீட்டுக்கும் போட்டிருக்கலாம் என்ற கேள்வி அப்போதே எங்களுக்குள் எழுந்தது.

கடனைக் கட்டாதவனுக்கு நிவாரணம் கொடுத்தால் ஒழுங்காகக் கட்டுகிறவன் ஏமாந்து போவான் என்று ஒரு வங்கி நண்பர் என்னிடம் சொன்னார். அது நியாயமான கேள்வி. அதனால்தான் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கே இதைக் கேட்கிறேன். இத்தனை வருடமும் மாதம் பிறந்தால் முதலில் தவணையை ஒதுக்கி வைத்துவிட்டு மிஞ்சியதில் சமைத்தவர்கள் இவர்கள். கட்டவே முடியாமல் போய் நீதிமன்றத்தில் நிற்பவர்களின் நிலைமை வேறு, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். வைப்பாளர்களுக்கு யார் வட்டி கொடுப்பது என்றும் அவர் கேட்டார். வைப்பாளருக்கு 2022 இல் கொடுத்த உயர்ந்த வட்டி அந்தந்த வைப்புகள் முதிர்ந்ததும் முடிந்துவிட்டது. எங்களிடம் வாங்கிய வட்டி முதலாகி இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஓடப் போகிறது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே எட்டாத தூரம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு என்று இந்திய உதவியில் வந்த வீடுகள் நல்ல விஷயம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்த நாளில் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அதற்கு முந்திய காலத்தில், கடனுக்கு வீடு கட்டிக் கொடுத்துச் செக்ரோலில், அதாவது தோட்டச் சம்பளப் பட்டியலில், மாதா மாதம் பிடித்த திட்டங்கள் இருந்தன. என் பெரியப்பா அப்படி ஒரு வீட்டுக்குக் கடைசிச் சதம் வரை கட்டினார். உறுதி கைக்கு வராமலே கண்ணை மூடினார். உறுதி இல்லாத வீட்டை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. கூரை மாற்றவும் ஓர் அறை கூட்டவும் அவர்கள் போகும் இடம் நுண்கடன் கொம்பனிகள்தான். அங்கே வட்டி எவ்வளவு என்று உங்கள் பத்திரிகையே பல தடவை எழுதியிருக்கிறது. நிவாரணத் திட்டம் ஒன்று வருமானால், உறுதி இல்லாத தோட்ட வீட்டைத் திருத்த எடுத்த கடனையும் அதில் சேர்க்க ஒரு வழி வைக்க வேண்டும். கிராம சேவகரும் தோட்ட நிர்வாகமும் உறுதிப்படுத்தினால் போதும் என்று வைக்கலாம்.

அடுத்த வரவு செலவுத் திட்டம் வரப் போகிறது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் தமிழ் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், அதற்கு முன் நிதி அமைச்சிடம் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் எடுத்த, 30 இலட்சத்துக்குக் குறைந்த வீட்டுக் கடன்கள் நாட்டில் எத்தனை, அவற்றில் மறுசீரமைத்தவை எத்தனை, முதலோடு சேர்த்த வட்டி மொத்தம் எவ்வளவு? மாவட்ட வாரியாகக் கேட்க வேண்டும். வங்கிகளின் கணினியில் இந்த விவரம் இருக்கிறது, மத்திய வங்கி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். தொகை தெரிந்தால்தான் அரசாங்கத்தால் தாங்க முடியுமா முடியாதா என்று பேச முடியும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். மறுசீரமைப்பு ஒப்பந்தங்களைத் தமிழில் கேட்டு வாங்கும் உரிமை பற்றியும், வங்கி மீது முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எப்படி எழுதுவது என்பது பற்றியும் உங்கள் வர்த்தகப் பக்கத்தில் ஒரு வழிகாட்டி போடுங்கள். என் போல் கடன் கட்டுகிறவர்கள், 2022 ஜனவரிக் கணக்குக் கூற்றையும் இன்றைய கூற்றையும் வங்கியில் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாக்கி ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று உங்களுக்கு எழுதட்டும். என்னுடைய கூற்றுகளின் பிரதியை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைத்து அவற்றைப் பிரசுரிக்க எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
ஹார்ட்வெயார் கடைக் கணக்காளர் ஒருவர்,
ஹட்டன்.